இடக்கரடக்கலும் ஈர நிலமும்

நன்னூல் கற்றவர்க்கு ‘இடக்கரடக்கல்’ என்னும் சொல் புதிதன்று. அவையிலே வெளிப்படச் சொல்லத் தகாத ஒன்றை மறைத்து, வேறொரு வாய்பாட்டினாற் சொல்லுதல் அதன் இலக்கணம். ‘கால் கழுவி வந்தான்’ என்பதை உதாரணமாகக் காட்டி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதனை மாணாக்கர்க்குக் கற்பித்து வந்தேன். இவ்வழக்கு தமிழரின் நயத்தக்க நாகரிகத்துக்குச் சான்று என்று வகுப்பிலே பெருமையோடு சொல்லியுமிருக்கிறேன். அவ்விலக்கணத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை எனக்குக் கற்பித்தது யாதெனின், என் வளவின் பின்கோடியிலே பங்குனி வெயிலிலும் காயாது கிடந்த சிறிது ஈரமேயாகும்.

வலிகாமத்துச் செம்மண் நிலத்திலே பங்குனி மாதத்து நிலைமையை அறியாதவர் யார்? முற்றத்து மண் மாவாகப் பறக்கும். கிணற்றிலே நீர் கீழிறங்க, வாளிக் கயிற்றின் நீளம் போதாமற் போகும். அத்தகைய காலத்திலே, எங்கள் மலசலகூடக் குழியைச் சூழ்ந்த நிலம் மட்டும் கால் வைத்தாற் புதையும்படி நெகிழ்ந்திருந்தது. அதன்மேற் புல் கரும்பச்சையாகத் தழைத்தது. அருகில் நின்ற கதலி வாழை, ஊரில் எங்குங் காணாத குலையொன்றை ஈன்றது. வீட்டார் வாழையைப் புகழ்ந்தனர். நானும் உடன் புகழ்ந்தேன். ஆயினும் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்த காரியம் இதுதான்: உழவு இயந்திரப் பெட்டி ஒன்று நிறைய மண் பறிப்பித்து, அந்த ஈரத்தின்மேற் கொட்டி மூடினேன். இலக்கணத்திலே சொல்லால் அடக்குவதை நான் மண்ணால் அடக்கினேன்.

ஐப்பசி பிறந்தது, மழையும் பிறந்தது. கொட்டிய மண்ணைத் தாண்டி ஈரம் மறுபடியும் எழுந்தது. கார்த்திகை மாதத்து ஒரு காலையில், அடுத்த வளவிலே தனியாக வாழும் அக்கா வேலியோரம் வந்து நின்றார். பிள்ளைப்பேற்றுக்காக அவருடைய மகள் தாய்வீடு வந்திருந்த காலம் அது. குழந்தைக்கு இரண்டு மாதம்.

“தம்பி, கிணத்துத் தண்ணியிலை ஒரு மணம் தெரியுது. உங்கடை கிணறும் அப்பிடியோ?” என்று கேட்டார்.

அவர் கேள்வியிலே குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்குமுன், நாம் குடியிருக்கும் நிலத்தின் இயல்பைச் சிறிது ஆராய்தல் நன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என்று நாம் பெயரளவில் வழங்குவதும் மாரியில் ஓடிக் கோடையில் வறள்வதேயாகும். நம்மை வாழ வைப்பது நிலத்தடி நீர். மயோசீன் காலத்திலே கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல்லே குடாநாட்டின் அடித்தளம். அக்கல்லை நீர் காலந்தோறும் கரைத்து, வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளுமாக ஆக்கியிருக்கின்றது. கீரிமலையிலே கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும், புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு அத்துணை ஆழமாயிருப்பதும் இக்கல்லின் விந்தைகளே. மழை நீர் இவ்வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள கடல் நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பது இதனாலேதான்.

இங்கே நாம் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நிலத்தின்மேல் நாம் வேலி அடைக்கிறோம். கதிகாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக நீதிமன்றம் ஏறித் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. ஆனால் நிலத்தின்கீழே வேலி இல்லை. என் கிணற்று நீரும் அடுத்தவர் கிணற்று நீரும் ஒரே நீர். நான் நிலத்துக்குள் விடுவது எதுவோ அது அடுத்தவர் வாளியிலே ஏறும். அவர் விடுவது என் செம்பிலே விழும்.

இனி, குழியின் இயல்பைப் பார்ப்போம். கழிவுத்தொட்டி என்பது பிரான்சு நாட்டிலே லூயி மூரா என்பவர் அமைத்து, 1881ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்ற ஓர் உபாயத்தின் வழிவந்தது. தொட்டிக்குள்ளே கனமானவை அடியிற் படியும். எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே மிதக்கும். இடையிலுள்ள நீர் மட்டும் வழிந்து உறிஞ்சு குழிக்குச் செல்லும். தொட்டி கழிவைத் தூய்மையாக்கி விடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. தொட்டி திண்மத்தைப் பிடித்து வைக்கின்றது, அவ்வளவே. வழியும் நீரிலுள்ள கிருமிகளை அழிக்கும் வேலையைச் செய்வது மண். நீர் தேங்காத, காற்றோட்டமுள்ள மண்ணிலே வாழும் நுண்ணுயிர்கள் அவ்வேலையைச் செய்கின்றன. ஆகவே, குழியின் அடிக்கும் நிலத்தடி நீரின் மட்டத்துக்கும் இடையே தக்க அளவு உலர்ந்த மண் இருத்தல் வேண்டும்.

நம் நிலத்திலோ, பல இடங்களில் மண்வெட்டி சில அடி ஆழத்திலேயே கல்லில் மோதும். மாரி முற்றும்போது நிலத்தடி நீர் எழுந்து குழியின் அடியையே தொடும். உலர்ந்த மண் என்னும் காவலன் அப்போது எங்கே?

குழியைச் சூழ்ந்த நிலம் ஈரமாவதற்குக் காரணங்கள் சிலவே. திண்மம் நிரம்பித் தொட்டி தன் வேலையை விட்டிருக்கலாம். பசையும் சேறும் அடைத்து, மண் உறிஞ்சும் ஆற்றலை இழந்திருக்கலாம். நிலத்தடி நீர் மேலெழுந்திருக்கலாம். கூரை நீரோ குளியல் நீரோ அளவுக்கு மீறி அங்கே சேரலாம். மாரியிலே மட்டும் தோன்றும் ஈரம் பெரும்பாலும் மழையாலும் நிலத்தடி நீராலும் வருவது. கோடையிலும் காயாத ஈரம் குழி அடைபட்டதன் அறிகுறி. எதுவாயினும், அந்த ஈரம் நிலம் நமக்கு எழுதும் கடிதம். அதனைப் படியாமல் மண்ணிட்டு மூடுவது, கடிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று மகிழ்வதை ஒக்கும்.

இதிலே பலர் நினையாத மற்றொன்றும் உண்டு. ‘எங்கள் குழி முப்பது வருடமாக நிரம்பவில்லை’ என்று பெருமை பேசுவோர் நம்மிடையே பலர். என் தந்தையாரும் அவ்வாறே பேசினார். அவருக்குப்பின் நானும் பேசினேன். சுண்ணாம்புக்கல் நாட்டிலே நிரம்பாத குழியைவிட அஞ்சத்தக்கது வேறில்லை. நிரம்பவில்லையாயின், உள்ளே போனது எங்கே போயிற்று? கல்லின் வெடிப்பு வழியே, மண்ணின் வடிகட்டலுக்கு உட்படாது, நேரே கிணற்று நீரோடு கலந்திருக்கும். ஈரம் வெளியே தோன்றும் குழி தன் நோயைச் சொல்லி அழுகின்றது. தோன்றாத குழி சொல்லாமற் கொல்கின்றது.

1854இல் இலண்டன் மாநகரிலே வாந்திபேதி பரவியபோது, புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்க்குழாயே அதற்குக் காரணம் என்று ஜோன் சினோ என்னும் மருத்துவர் எடுத்துக் காட்டினார். அக்குழாய்க்கிணற்றை மாசாக்கியது அருகிலிருந்த ஒரு வீட்டின் கழிவுக்குழி என்பது பின்னர்த் தெரியவந்தது. கிருமிகளையேனும் கொதிக்க வைத்துக் கொல்லலாம். கழிவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று கொதித்தால் அழிவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் உண்ணும் பச்சிளங் குழந்தைகளின் குருதி, இந்த நைத்திரேற்றினால் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிப்பதுண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே கிணற்று நீரால் இது நேர்ந்ததைக் கொம்லி என்னும் மருத்துவர் 1945இல் எழுதினார். ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வந்திருக்கின்றனர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நாம் அள்ளியிடும் உரமும் இதற்குப் பெருங் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உரத்தைக் காரணங் காட்டிக் குழியைத் தப்பவிடுவதும் நேர்மையாகாது.

சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் மிதந்ததை நாம் மறக்கவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஊரெல்லாம் திரண்டது, பத்திரிகைகள் எழுதின, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபா வழங்குமாறு 2019இல் தீர்ப்பாயிற்று. அப்போராட்டம் நியாயமானது. ஆனால், எண்ணெய்க்கு எழுந்த குரல் மலத்துக்கு ஏன் எழவில்லை? காரணம் எளிது. எண்ணெய்க்கு எதிரி ஒருவர் இருந்தார். அவர் வெளியே இருந்தார். இதற்கோ, எதிர்த்து நிற்க வேண்டியவர் அவரவர் வீட்டுப் பின்வளவிலேயே இருக்கிறார்.

வேறொரு கணக்கையும் இங்கே தீர்க்க வேண்டும். தீண்டாமையின் பெயரால் நம் முன்னோர் எத்தனை பேரைக் கிணற்றடியிலிருந்து விரட்டினர்! தாகத்தோடு வந்தவர், பிறர் அள்ளி ஊற்றும்வரை கையேந்திக் காத்து நின்றனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் அக்கொடுமை உடனே ஒழிந்துவிடவில்லை. கே. டானியல் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டு ஒரு நாவல் எழுத நேர்ந்ததும் இதனாலன்றோ? கிணறு ‘துடக்காகி’விடும் என்று சொல்லி மனிதரை விலக்கியவர்கள், அதே கிணற்றுக்கு அருகே குழி வெட்டி, அதே நீரிலே தம் மலத்தைக் கலந்தனர். அக்காலத்து வாளி மலகூடங்களின் வாளியைத் தலையிலே சுமக்கச் சில குடும்பங்களை விதித்தனர். சுமந்தவரையே அசுத்தர் என்றனர். வாளி போயிற்று, நீரடைப்பு மலசலகூடம் வந்தது. மனிதர் சுமந்ததை இப்போது மண் சுமக்கின்றது. அசுத்தம் யாருடையது என்ற கேள்வி மட்டும் இன்னும் விடை பெறவில்லை.

அது வெறும் பழங்கதையுமன்று. குழி நிரம்பினால் ஒரு கூலியாளை இறக்கி அள்ளுவிக்கும் எண்ணம் இன்றும் சிலருக்கு உண்டு. மூடிய குழிக்குள்ளே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு முதலிய வாயுக்கள் ஒரே மூச்சிலே மனிதனை வீழ்த்த வல்லன. தமிழகத்திலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் இவ்வாறு இறந்தோர் பலர். 2013இல் அங்கே தடைச்சட்டம் இயற்றிய பின்னரும் இறக்கின்றனர். எக்காரணத்தாலும் ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்கலாகாது.

‘தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது, இனிக் கிணற்றைப் பற்றிக் கவலை ஏன்?’ என்று அண்மையில் ஒரு நண்பர் கேட்டார். குழாய் நீர் வருவது நன்றே. ஆனால் குழாய் வழியே வீட்டுக்குள் வரும் நீர், வீட்டை விட்டு எவ்வழியே வெளியேறும்? துலாவால் இறைத்த காலத்திலும் வாளியால் அள்ளிய காலத்திலும் நாம் சிக்கனமாகச் செலவிட்டோம். குழாயைத் திருகினால் நீர் கொட்டும் வீட்டிலே செலவு பெருகும். பெருகிய நீர் அத்தனையும் அதே குழியைத்தான் நாடும். கழிவைக் கொண்டுபோகும் நிலக்கீழ்க் குழாய் நம் ஊர்களில் இல்லை. நீரைக் கொண்டுவருவதைப் பற்றிச் சிந்தித்தவர்கள் நீர் போகும் வழியையும் சிந்திக்காவிடின், இன்று ஒரு வளவிலுள்ள ஈரம் நாளை ஒழுங்கை முழுவதும் பரவும்.

கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நம் வளவுகளிலோ சீதனமும் முதுசமுமாகப் பிரிந்து பிரிந்து இன்று எஞ்சியிருப்பது பலர்க்கு இரண்டு பரப்பு. இரண்டு பரப்பு என்பது ஏறத்தாழ 5,445 சதுர அடி; சதுரமாயின் பக்கம் 74 அடிதானும் இல்லை. அதற்குள் வீடும் கிணறும் குழியும் அமைத்து, தன் கிணற்றிலிருந்தும் நாற்புறத்து அயலார் கிணறுகளிலிருந்தும் ஐம்பது அடி விலகுவது எங்ஙனம்? ஆகவே ஒவ்வொருவரும் தம் கிணற்றுக்குத் தூரமாகக் குழியை வளவின் கோடியிலே வெட்டுகின்றனர். அக்கோடி அயலார் கிணற்றுக்கு அண்மை என்பதை எண்ணுவதில்லை. என் தந்தையாரும் எண்ணவில்லை. வெடிப்பு நிறைந்த கல்லிலே ஐம்பது அடியுங்கூட ஒரு காவலாகாது என்பதையும் சேர்த்து நினைத்தல் வேண்டும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? ஈரத்தைக் கண்டவுடன் மண் கொட்டாதிருத்தல் முதற்பாடம். குழந்தைகளையும் கோழிகளையும் அவ்விடம் அண்டவிடாது தடுக்க வேண்டும். கூரை நீரும் முற்றத்து நீரும் அப்பக்கம் பாயாதபடி வாய்க்காலைத் திருப்ப வேண்டும். வீட்டு நீர்ச் செலவைக் குறைக்க வேண்டும். உள்ளூராட்சிச் சபையின் பவுசரை அழைத்துத் தொட்டியை வெறிதாக்க வேண்டும். மாரி நடுவே, நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது, தொட்டியை முற்றாக வெறிதாக்கினால் இலேசான தொட்டிகள் மிதந்தெழுவதும் உண்டு. ஆதலால் ஆவணி, புரட்டாதி மாதங்களே அதற்கு உகந்தவை. மண்ணெண்ணெயும் கிருமிநாசினியும் ஊற்றினால் குழி ‘திறக்கும்’ என்பது மூடநம்பிக்கை. உள்ளேயுள்ள நல்ல நுண்ணுயிர்களும் மாண்டு, அந்நஞ்சும் கிணற்றையே சேரும். கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தறியும்வரை சிசுக்களுக்கு அதனைக் கொடுத்தலாகாது.

வீட்டார் செய்வதோடு இது முடிவதில்லை. அடித்தளமும் சுவரும் சீமெந்தால் அடைத்த தொட்டியன்றி வேறு குழி நம் நிலத்தில் அமைக்கலாகாது என்னும் விதியைச் சபைகள் உறுதியாக நடைமுறைப்படுத்த வேண்டும். வீட்டார் அழைக்கும்வரை காத்திராது, சில ஆண்டுகளுக்கொருமுறை ஒழுங்கை ஒழுங்கையாகப் பவுசர் வரும் முறை வேண்டும். எடுத்த கழிவை வெறுந்தரவையிலே கொட்டாது சுத்திகரிக்கும் இடமும் வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தம் ஊர்க் கிணறுகளையும் குழிகளையும் ஒரு தாளிலே குறித்து, இடையே அடிக்கணக்கை எழுதிவரும்படி உயர்வகுப்பு மாணாக்கரிடம் சொல்லுங்கள். அவர்கள் அதிலே கணிதமும் புவியியலும் கற்பார்கள். அவற்றோடு அயலார் என்பவர் யார் என்பதையும் கற்பார்கள்.

இனி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அன்று நான், “மழைக்காலந்தானே அக்கா, இலைகுழை விழுந்திருக்கும்” என்று சொன்னேன். பொய்யென்று சொல்ல முடியாத பொய் அது. அவருடைய கிணற்றைச் சுற்றி நான்கு வீட்டுக் குழிகள் உண்டு. எதுவென்று நீர் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. பத்து நாள் கழித்து, சுகாதாரப் பரிசோதகர் எடுத்துச் சென்ற நீரிலே மலக்கிருமிகள் இருப்பதாக முடிவு வந்தது. அன்று மாலை வேலியோரம் சென்று, பங்குனியிலிருந்து நான் அறிந்திருந்ததையும் மண் கொட்டியதையும் சொன்னேன். “என்ரை குழியாயும் இருக்கலாம் அக்கா” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அண்டைக்கே சொல்லியிருந்தால், அந்தத் தண்ணியிலை பிள்ளைக்குப் பால் கரைச்சிருக்க மாட்டமே தம்பி” என்றார்.

குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டு நான்கு நாள் ஆஸ்பத்திரியிலே இருந்து குணமாகி வந்திருந்தது. நான் அதனை அப்போதுதான் அறிந்தேன்.

மாரி கழிந்ததும் குழியைத் திறப்பித்தேன். அடியிலே சீமெந்து இல்லை, வெறுங்கல். அடைத்த தொட்டி ஒன்றை வேறிடத்தில் அமைப்பித்தேன். மற்றைய மூன்று வீட்டாரோடும் பேசினேன், இருவர் இசைந்தனர், ஒருவர் தம் குழி இன்னும் நிரம்பவில்லை என்கிறார். அக்காவின் கிணறு இறைத்து மருந்திடப்பட்டது. ஆயினும் சிசுவுக்கான நீர் வேறிடத்திலிருந்துதான் வந்தது.

சொல்லை அடக்குவதற்கு இலக்கணம் உண்டு. அதனை இன்னும் நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக் கிணற்றைப் பற்றிய பேச்சிலே அவ்விலக்கணத்தைக் கையாளும் உரிமை நமக்கில்லை.